சொவ்ற்வெயரில் முதல்முறை ரக்ஸ் செய்பவர்களுக்கு: எங்கே மாட்டுப்படுகிறது, எப்படி எடுத்துவிடுவது?

கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறவர்கள் வசந்தம் நெருங்க நெருங்கக் கேட்கும் முதல் கேள்வி: "என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை, நானும் ரக்ஸ் செய்ய வேணுமோ?" ஆம், செய்ய வேண்டும். வருமானவரிச் சட்டம் உங்கள் அகதிக் கோரிக்கை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நீங்கள் கனடாவில் குடியிருந்து வாழ்கிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறது. வீடு எடுத்து, வங்கிக் கணக்குத் திறந்து, வேலைக்கோ வகுப்புக்கோ போகத் தொடங்கினால் வரி விடயத்தில் நீங்கள் இங்கத்தைய ஆள்தான்.

வருமானமே இல்லாதவர்களும் செய்வது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், சனம் "ஜி.எஸ்.ரி. காசு" என்று சொல்லும் கொடுப்பனவும், ஒன்ராறியோவில் வாடகைக்காகக் கிடைக்கும் உதவியும் வரிப் பத்திரத்தைப் பார்த்துத்தான் கணக்கிடப்படுகின்றன. பத்திரம் போகாவிட்டால் காசும் வராது. கடைசி நாள் ஏப்ரல் 30. நீங்கள் வரி கட்ட வேண்டியிருந்து பிந்தினால், கட்ட வேண்டிய தொகையில் 5 வீதம் தண்டம், அதன்பின் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதம் என்று 12 மாதம் வரை ஏறும். கட்ட எதுவும் இல்லாதவருக்குத் தண்டம் இல்லை, ஆனால் கொடுப்பனவுகள் நின்றுவிடும்.

இப்போது பலர் யூஃபைல், ரேர்போரக்ஸ், வெல்த்சிம்பிள் போன்ற மென்பொருட்களில் தாங்களே செய்கிறார்கள். கனடா வருமான முகவரகம், அதாவது சி.ஆர்.ஏ., அங்கீகரித்த மென்பொருட்களின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் தொடாதீர்கள். இலவசமாகச் செய்யக்கூடியவையும் அதில் உண்டு. ஆனால் எல்லாம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் இருக்கும். கேள்வியை விளங்கிக்கொள்ளாமல் "யெஸ்" அடித்துக்கொண்டு போவதுதான் பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

ஒரு சின்ன விடயம். மென்பொருள் ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் தனித்தனி. 2025 வருமானத்துக்கு 2025க்கான பதிப்பு, 2024ஐத் தவறவிட்டிருந்தால் அதற்கு 2024க்கான பதிப்பு. இரண்டு வருட ரி-4ஐயும் ஒரே பத்திரத்தில் போட்டுவிடாதீர்கள். இணையம் வழியாக அனுப்பும் நெற்ஃபைல் சேவை ஒவ்வொரு தை மாதக் கடைசியிலும் பராமரிப்புக்காக மூடப்பட்டு மாசிக் கடைசியில் திறக்கும். இடையில் அனுப்பப் பார்த்தால் போகாது, அது உங்கள் பிழை அல்ல.

பெயரில் தொடங்கும் சிக்கல்

எங்கடை சனத்துக்கு முதல் தடங்கல் முதல் பக்கத்திலேயே வருகிறது: பெயர். கனடாக்காரருக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. எங்களுக்கோ தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும். சிலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடமே வெறுமை. சிலருடைய வேலை அனுமதிப் பத்திரத்தில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய், முதற்பெயர்ப் பெட்டி வெறுமையாய்க் கிடக்கும். மென்பொருள் இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. உடனே ஆட்கள் தங்களுக்குச் சரியென்று பட்ட மாதிரிப் பிரித்துப் போடுகிறார்கள். வேலைத்தலத்தில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, வரியில் இன்னொரு மாதிரி. கடைசியில் நெற்ஃபைல் திருப்பி அனுப்புகிறது.

இதற்கு ஒரே அளவுகோல் உங்கள் சின் நம்பர் கடிதம். சேர்விஸ் கனடா தந்த அந்தக் கடிதத்தில் எழுத்துக்கு எழுத்து, எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். "சிவ" என்று இருந்தால் "ஷிவ" என்று திருத்தாதீர்கள். இடைவெளி இருந்தால் இடைவெளி விடுங்கள். சின் கடிதத்திலேயே பெயர் பிழையென்றால் முதலில் அதைச் சேர்விஸ் கனடாவில் திருத்திக்கொண்டு பிறகு வரிக்கு வாருங்கள். சின் சம்பந்தமான தொலைபேசி 1-866-274-6627. கடிதம் சரி, ஆனாலும் மென்பொருள் ஏற்கவில்லை என்றால் சி.ஆர்.ஏ.யை 1-800-959-8281 இல் கூப்பிட்டு, தங்களிடம் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் உங்களை அடையாளம் காணச் சில கேள்விகள் கேட்பார்கள். சின் நம்பர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் கையோடு இருக்கட்டும்.

பிறந்த திகதியும் இதே மாதிரித்தான். ஊரில் நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பழகிய கை. மென்பொருள் சிலவேளை வருடத்தை முதலில் கேட்கும், சிலவேளை மாதத்தை. ஆடி 4ஆம் திகதி பிறந்தவர் 04/07 என்று அடித்தால் அது ஏப்ரல் 7 ஆகிவிடலாம். பெட்டியின் மேலே மங்கலாக எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள்.

உங்கள் சின் நம்பர் 9இல் தொடங்கும். தற்காலிகமாக இருக்கிறவர்களுக்குக் கொடுக்கப்படுவது அது. அதற்கு முடிவுத் திகதியும் உண்டு. 9இல் தொடங்குவதால் வரி செய்ய முடியாது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

"டேற் ஒஃப் என்ட்ரி" என்ற பெட்டி

இந்தப் பெட்டிதான் அதிக காசை விழுங்குகிறது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் வந்த வருடத்துக்கான பத்திரத்தில் மட்டும், வரி விடயத்தில் எந்த நாளில் இருந்து கனடாவில் வதிபவர் ஆனீர்கள் என்று கேட்பார்கள். விமான நிலையத்திலோ எல்லையிலோ வந்திறங்கிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு அது சாதாரணமாக வந்திறங்கிய நாள். விசிட்டர் விசாவில் வந்து சில மாதம் கழித்துக் கோரிக்கை வைத்தவர்கள், இங்கே வீடு வாசல் என்று வாழத் தொடங்கிய நாள் எது என்று யோசிக்க வேண்டும். சந்தேகமென்றால் இலவச வரி உதவி முகாமில் கேளுங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

ஏன் இந்தத் திகதி முக்கியம்? எல்லாருக்கும் வரி இல்லாமல் விடப்படும் அடிப்படைத் தொகை ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டுக்குக் கூட்டாட்சி வரியில் அது 16,129 டொலர். வருடத்தின் இடையில் வந்தவருக்கு அது நாட்கணக்கில் வெட்டப்படலாம். உதாரணத்துக்கு, ஊரில் சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி வந்து சேர்ந்த ஒருவரை எடுங்கள். அவருக்கு 365 நாளில் 122 நாள்தான் கனடா நாள். ஆகவே அடிப்படைத் தொகை சுமார் 5,391 டொலர். அது சட்டப்படி சரியான கணக்கு.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், 2023இல் வந்து, 2025 செப்டெம்பரில் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டவர் அந்தச் சந்தோசத்தில் ஏற்றுக்கொண்ட திகதியை 2025 பத்திரத்தில் "டேற் ஒஃப் என்ட்ரி" என்று போடும்போது. மென்பொருள் பாவம், அதற்கு என்ன தெரியும்? அவர் வருடம் முழுக்க இங்கே இருந்து உழைத்தவர். ஆனாலும் 122 நாள் மட்டும் இருந்தவராக அவரைக் கணக்கிட்டு, 10,738 டொலரை அடிப்படைத் தொகையில் இருந்து வெட்டிவிடும். போதிய வருமானம் இருந்தவருக்குக் கூட்டாட்சி வரியில் மட்டும் அது ஏறத்தாழ 1,550 டொலர் நட்டம். திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது, ஏனென்றால் மென்பொருளின் கண்ணுக்கு அது பிழையே இல்லை. கோரிக்கை ஏற்கப்பட்ட நாளும், நிரந்தர வதிவிடம் கிடைத்த நாளும் இந்தப் பெட்டிக்குரியவை அல்ல. இரண்டாவது வருடத்தில் இருந்து இந்தப் பெட்டி வெறுமையாகவே இருக்க வேண்டும்.

அதே பக்கத்தில், கனடாவுக்கு வரமுன் அந்த வருடத்தில் வெளிநாட்டில் எவ்வளவு வருமானம் என்றும் கேட்கும். "ஊர்க் காசுக்கும் இவைக்கு வரி கட்டவோ?" என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். வரமுன் ஊரில் உழைத்த காசுக்குக் கனடா வரி கேட்பதில்லை. கொடுப்பனவுகளைக் கணக்கிடவும், அடிப்படைத் தொகையை முழுதாகத் தருவதா வெட்டுவதா என்று பார்க்கவும்தான் அந்தக் கேள்வி. ரூபாயைக் கனடா டொலருக்கு மாற்றி உண்மையான தொகையைப் போடுங்கள். அந்த மாதங்களில் ஒரு வருமானமும் இல்லையென்றால் 0 என்று போடுங்கள். 0 போடுவதும் வெறுமையாய் விடுவதும் மென்பொருளுக்கு ஒன்றல்ல.

"நீங்கள் கனடியப் பிரஜையா?"

முதல் பக்கத்திலேயே தேர்தல் திணைக்களம் சம்பந்தமாக ஒரு கேள்வி இருக்கும். கனடியப் பிரஜையா, உங்கள் விபரத்தை வாக்காளர் பதிவுக்குக் கொடுக்கலாமா என்று. உங்களுடைய பதில் "நோ". கோரிக்கையாளர் மட்டுமல்ல, நிரந்தர வதிவிடம் கிடைத்தவரும் பிரஜை அல்ல. அவசரத்தில் "யெஸ்" அடித்தால், பிரஜை இல்லாத ஒருவர் தன்னைப் பிரஜை என்று எழுத்தில் சொன்னதாகிவிடும். குடிவரவு வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவருக்குத் தேவையில்லாத தலையிடி.

மனைவி ஊரில், கணவன் இங்கே

தனியாக வந்தவர்களுக்கு அடுத்த பொறி திருமண நிலை. மனைவியும் பிள்ளைகளும் வவுனியாவிலோ சென்னையிலோ இருக்க, இங்கே தனியாக இருக்கிறவர் "சிங்கிள்" என்று போடுகிறார். அல்லது "பிரிந்துதானே இருக்கிறம்" என்று "செப்பரேற்றட்" போடுகிறார். இரண்டும் பிழை. வரிச் சட்டத்தில் பிரிந்திருப்பது என்றால் குடும்ப உறவு முறிந்து குறைந்தது 90 நாள் வேறாக வாழ்வது. கடல் இடையில் கிடப்பதால் நீங்கள் பிரிந்தவர் ஆகமாட்டீர்கள். "மரீட்" என்றுதான் போட வேண்டும்.

"மரீட்" போட்டதும் மென்பொருள் மனைவியின் சின் நம்பரைக் கேட்டு அடம்பிடிக்கும். இல்லாத நம்பரை உருவாக்காதீர்கள், வேறு யாருடைய நம்பரையும் போடாதீர்கள். துணைவர் கனடாவில் வதிபவர் அல்ல என்று குறிக்கும் தெரிவு அந்தப் பக்கத்தில் எங்காவது இருக்கும், தேடுங்கள். அதைத் தெரிவு செய்தால் சின் இல்லாமல் விடும். பெயர், பிறந்த திகதி, வருட வருமானம் மட்டும் கேட்கும். இந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் வேறொன்றுக்கு மாறுங்கள், அல்லது அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காசு மட்டும் அல்ல. அகதிக் கோரிக்கைப் படிவத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று எழுதிவிட்டு வரிப் பத்திரத்தில் தனி ஆள் என்று எழுதியிருந்தால், நாளைக்குக் குடும்பத்தைக் கூப்பிடும்போது வரி மதிப்பீட்டுக் கடிதத்தைக் காட்ட வேண்டி வந்தால் என்ன சொல்வீர்கள்? இரண்டு இடத்திலும் ஒரே கதை இருக்கட்டும்.

காசு விடயத்திலும் நன்மை உண்டு. உங்கள் உழைப்பில் தங்கியிருக்கும், வருமானம் இல்லாத அல்லது குறைந்த துணைவருக்காக, அவர் வெளிநாட்டில் இருந்தாலும், வரிக் குறைப்புக் கேட்கலாம். ஆனால் நீங்கள் காசு அனுப்பியதற்கு ஆதாரம் கேட்பார்கள். இங்கேதான் உண்டியல் காலை வாருகிறது. உண்டியலில் போன காசுக்குத் துண்டு இல்லை. வங்கி மூலமோ பதிவுள்ள பணமாற்று நிறுவனம் மூலமோ அனுப்பி, உங்கள் பெயரும் மனைவியின் பெயரும் உள்ள ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். தாய் தகப்பனுக்கு அனுப்பும் காசை நன்கொடை என்று போட முடியாது. லோயருக்கு அகதி வழக்குக்காகக் கொடுத்த காசையும் கழிக்க முடியாது. இரண்டையும் யாராவது ஒருவர் வருடா வருடம் கேட்கிறார், அதனால் சொல்லி வைக்கிறோம்.

சீட்டுகள்

வேலைத்தலம் மாசிக் கடைசிக்குள் ரி-4 சீட்டுத் தர வேண்டும். ஏஜென்சி வழியாக வேலை செய்தவர்களுக்கு மூன்று நான்கு சீட்டு வரலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள், கூட்டி ஒன்றாகப் போடாதீர்கள். மென்பொருளில் வரும் ரி-4 பக்கத்தில் சீட்டில் உள்ள அதே பெட்டி இலக்கங்கள் இருக்கும். 14 சம்பளம், 16 சி.பி.பி., 18 வேலையில்லாக் காப்புறுதி, 22 பிடிக்கப்பட்ட வரி. 22இல் உள்ளதை 16இல் போட்டுவிட்டு "எனக்கு ஏன் இவ்வளவு கட்டச் சொல்லுது?" என்று நெஞ்சில் கை வைக்கிறவர்கள் உண்டு. முடிவில் வரும் தொகை நம்ப முடியாததாக இருந்தால், அது கூடவாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், முதலில் இந்த நாலு பெட்டியையும் சீட்டோடு வைத்துப் பாருங்கள். சீட்டில் வெறுமையாய் இருக்கும் பெட்டியில் நீங்களாக 0 அடிக்க வேண்டாம். 24, 26 பெட்டிகளில் இது கணக்கையே மாற்றும்.

முதலாளி சீட்டுத் தரவில்லை, ஏஜென்சி மூடிவிட்டது என்றால் அதற்காக ஏப்ரல் 30ஐத் தாண்டவிடாதீர்கள். கடைசிச் சம்பளத் துண்டில் வருடம் முழுவதுக்குமான கூட்டுத்தொகை இருக்கும். அதை வைத்துப் பதிந்து அனுப்பலாம், துண்டைக் கவனமாக வைத்திருங்கள். சம்பளத்தைக் கையில் காசாக வாங்கியவர்களும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

மென்பொருட்களில், சீட்டுகளைச் சி.ஆர்.ஏ.யிடம் இருந்து தானாக இறக்கித் தரும் வசதி ஒன்று இருக்கிறது. அதற்குச் சி.ஆர்.ஏ.யில் இணையக் கணக்கு வேண்டும். முதல் வருடம் அது உங்களில் பெரும்பாலானோருக்கு இருக்காது. அடுத்த வருடம் கிடைத்தாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 2025 வசந்தத்தில் சில சீட்டுகள் அந்தக் கணக்குகளில் நேரத்துக்கு வந்து சேரவில்லை. தானாக வந்ததை நம்பி அனுப்பியவர்களுக்கு ஒரு சீட்டு விடுபட்டிருக்கலாம். கையில் உள்ள சீட்டுகளை எண்ணி, திரையில் உள்ளவற்றை எண்ணி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

வெல்ஃபெயர் எடுத்தவர்களுக்கு ரி-5007 என்ற சீட்டு வரும். "இதுக்கு வரி இல்லைத்தானே" என்று குப்பையில் போட வேண்டாம். வரி இல்லை என்பது உண்மை. மென்பொருள் அதை வருமானத்தில் சேர்த்துப் பிறகு தானே கழித்துவிடும். ஆனால் கொடுப்பனவுகளைக் கணக்கிட அந்தத் தொகை தேவை. சீட்டின் பிரதி ஏற்கெனவே சி.ஆர்.ஏ.யிடம் இருக்கிறது, நீங்கள் விட்டால் அவர்கள் சேர்த்துத் திருத்துவார்கள்.

துப்புரவு வேலை, சாப்பாடு டெலிவரி, ராக்சி ஓட்டம் செய்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு ரி-4 வராது. சிலருக்கு ரி-4ஏ வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. ரி-4ஏயில் 48ஆம் பெட்டியில் தொகை இருந்தால் அது சேவைக்கான கூலி. "வேறு வருமானம்" என்று போடாமல் சுயதொழில் வருமானமாக, ரி-2125 என்ற படிவத்தில் போட வேண்டும். அப்போதுதான் பெற்றோல், தொலைபேசி போன்ற செலவுகளைக் கழிக்க முடியும். சுயதொழில் செய்பவருக்குப் பத்திரம் அனுப்ப யூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய காசுக்கு ஏப்ரல் 30தான் நாள், அதன்பின் வட்டி ஓடும். வரியோடு சி.பி.பி.யில் தொழிலாளி பங்கும் முதலாளி பங்கும் இரண்டும் நீங்களே கட்ட வேண்டும். ஆகவே உழைக்கும்போதே ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். இன்னொன்று, ஊபர் போன்றவற்றில் ஆட்களை ஏற்றி ஓடுகிறவர்கள் முதல் டொலரில் இருந்தே ஜி.எஸ்.ரி.க்குப் பதிய வேண்டும். மற்றத் தொழில்களுக்கு உள்ள 30,000 டொலர் சலுகை 2017 யூலையில் இருந்து இவர்களுக்கு இல்லை.

எந்த மாகாணம் என்ற கேள்விக்கு டிசெம்பர் 31ஆம் திகதி நீங்கள் எங்கே வாழ்ந்தீர்களோ அதுதான் பதில். மொன்றியலில் இருக்கிறவர்கள் கியூபெக் மாகாணத்துக்கு இரண்டாவது பத்திரம் ஒன்றும் அனுப்ப வேண்டும். ஒன்றை அனுப்பினால் மற்றது தானாகப் போகாது.

வாடகை

ஒன்ராறியோவில் வாடகைக்கு இருக்கிறவர்கள் தவறவிடும் காசு இது. ட்ரில்லியம் என்ற மாதாந்தக் கொடுப்பனவில் வாடகைக்கான பகுதி தானாக வராது, நீங்கள் கேட்க வேண்டும். கேட்கும் இடம் ஒன்-பென் என்ற படிவம். மென்பொருளில் அது ஒன்ராறியோ சலுகைகள் என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கும். தேடித் திறந்து, எந்த முகவரியில், எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு வாடகை, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று நிரப்புங்கள்.

"பேஸ்மன்ற்றிலை இருக்கிறன், அண்ணை றிசீற் தரமாட்டார்" என்று சொல்கிறவர்களுக்கு: ரசீதை வரியோடு அனுப்பத் தேவையில்லை, ஆனால் பிறகு கேட்டால் காட்ட வேண்டும். வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்பப் பழகுங்கள். வங்கிப் பதிவே உங்கள் சாட்சி. கொடுத்ததைவிடக் கூட்டிப் போடவும் வேண்டாம்.

வெளிநாட்டில் 100,000 டொலருக்கு மேல் சொத்து உண்டா என்ற கேள்வியைக் கண்டு ஊர்க் காணியை நினைத்துப் பதற வேண்டாம். வதிபவரான முதல் வருடத்தில் அந்தப் படிவம் தேவையில்லை. உங்கள் குடும்பம் குடியிருக்கும் சொந்த வீடு அதில் சேராது. வாடகைக்குக் கொடுத்த கடை, வங்கி வைப்பு போன்றவை இருந்து அந்தத் தொகையைத் தாண்டினால் இரண்டாம் வருடத்தில் இருந்து தெரிவிக்க வேண்டும்.

அனுப்பு என்று அழுத்தியும் போகவில்லை

முதல்முறை செய்கிறவருக்கு நெற்ஃபைல் மறுத்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உங்கள் முழுப் பெயர், பிறந்த திகதி, முகவரி இன்னும் சி.ஆர்.ஏ.யின் பதிவில் இல்லை, அல்லது அங்கே உள்ளது நீங்கள் அடித்ததோடு பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அழுத்துவதால் பயன் இல்லை. மேலே சொன்ன இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பாருங்கள். நாள் நெருங்கிவிட்டால் அச்சிட்டுக் கையொப்பமிட்டு, சீட்டுகளின் பிரதிகளை இணைத்து, உங்கள் பகுதிக்கான வரி மையத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். கையொப்பம் வைக்க மறக்கிறவர்கள் நிறையப் பேர். முழுவதையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் போடுவது புத்தி.

இன்னொரு விதமான ஏமாற்றம், போகாததைப் போய்விட்டது என்று நினைப்பது. கணக்கு முடிந்து "ஃபினிஷ்" என்று வந்ததும் மூடிவிடுகிறார்கள். அது கணக்குத்தான் முடிந்தது, பத்திரம் இன்னும் உங்கள் கணினியில்தான் கிடக்கிறது. சி.ஆர்.ஏ. ஏற்றுக்கொண்டால் உறுதிப்படுத்தும் இலக்கம் ஒன்று திரையில் வரும். அந்த இலக்கம் வராவிட்டால் நீங்கள் ரக்ஸ் செய்யவில்லை. இலக்கத்தை எழுதி வையுங்கள். நூலகக் கணினியில் செய்தால் கோப்பை உங்கள் யூ.எஸ்.பி.யில் எடுத்துக்கொண்டு, கணினியில் உள்ளதை அழித்து, வெளியேறிவிட்டு எழும்புங்கள். உங்கள் சின் நம்பரும் பிறந்த திகதியும் அதில் இருக்கின்றன.

மென்பொருள் அனுப்பாத படிவங்களும் உண்டு. வந்த வருடத்துக்கான ஜி.எஸ்.ரி. காசைப் பெற, பிள்ளை இல்லாதவர்கள் ஆர்.சி-151, பிள்ளை உள்ளவர்கள் ஆர்.சி-66 என்ற படிவத்தைத் தனியாக அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு வேறு. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது பெரும்பாலும் அது கிடைக்காது. உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு பாதுகாக்கப்பட்டவர் ஆனதும் ஆர்.சி-66ஐயும் அதன் இணைப்பையும் தாமதியாமல் அனுப்புங்கள். அதற்குப் பிறகு கணவன், மனைவி இருவரும் ஒவ்வொரு வருடமும் வரிப் பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவர் விட்டாலும் காசு நிற்கும்.

அனுப்பியபின் பிழை கண்டால்

இரண்டாவது பத்திரம் அனுப்பாதீர்கள். மதிப்பீட்டுக் கடிதம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு திருத்தம் கேளுங்கள். நெற்ஃபைலில் அனுப்பியவர் அதே மென்பொருளில் றீஃபைல் என்ற வசதியால் திருத்தலாம், தபாலிலும் திருத்தப் படிவம் அனுப்பலாம். 10 வருடம் வரை பின்னோக்கித் திருத்தக் கேட்கலாம். ஆகவே "டேற் ஒஃப் என்ட்ரி"யில் காசை விட்டவர்கள் இப்போதும் கேட்டுப் பெறலாம். ரசீதைக் காட்டச் சொல்லிச் சி.ஆர்.ஏ. கடிதம் அனுப்பினால் அது உங்களைக் கள்ளன் என்று சொல்வதல்ல, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போகும் கடிதம். குறித்த நாளுக்குள் பதில் போடுங்கள். எல்லாப் பத்திரங்களும் 6 வருடம் இருக்க வேண்டும்.

தானே செய்ய ஏலாதவர்கள் மாசி தொடக்கம் ஏப்ரல் வரை நூலகங்கள், சமூக நிலையங்களில் நடக்கும் இலவச வரி உதவி முகாம்களுக்குப் போகலாம். வருமானம் குறைந்த, சிக்கல் இல்லாத பத்திரங்களை அங்கே தொண்டர்கள் செய்து தருவார்கள். சுயதொழில்காரரைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். "உடனே றிஃபண்ட் கையில்" என்று விளம்பரம் போடும் கடைகள் உங்கள் காசில் ஒரு பங்கை எடுக்கும். சட்டப்படி முதல் 300 டொலரில் 15 வீதமும் மிச்சத்தில் 5 வீதமும்தான் எடுக்கலாம். அதைவிடக் கூடக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நன்கொடை ரசீது "எடுத்துத் தாறன்" என்று சொல்கிறவரிடம் இன்னும் வேகமாக எழும்பி வாருங்கள். பொய் ரசீது பிடிபட்டால் குறைத்துக் கட்டிய வரியில் 50 வீதம் வரை தண்டம், அதுவும் கையொப்பம் வைத்த உங்களுக்கு. செய்து தந்தவர் அந்த நேரம் தொலைபேசி எடுக்க மாட்டார்.

வரி கட்டவில்லை, நாடு கடத்துவோம், கிவ்ற் கார்ட் வாங்கி நம்பரைச் சொல்லு என்று வரும் அழைப்புகள் முழுக்க மோசடி. சி.ஆர்.ஏ. கிவ்ற் கார்ட்டில் காசு வாங்குவதில்லை. வைத்துவிடுங்கள்.

வேலை அனுமதி புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சின் நம்பரின் முடிவுத் திகதியையும் சேர்விஸ் கனடாவில் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் 9இல் தொடங்காத புதிய சின் நம்பர் எடுங்கள். எடுத்த கையோடு சி.ஆர்.ஏ.க்கும், வேலைத்தலத்துக்கும், வங்கிக்கும் சொல்லுங்கள். அடுத்த வருடம் மென்பொருள் பழைய கோப்பில் இருந்து விபரங்களைத் தானாக நிரப்பும்போது பழைய 9 நம்பரையும் சேர்த்துக் கொண்டுவரும். அதை அழித்துப் புதியதைப் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும்.